பிள்ளைகளுக்குச் செஸ்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் பெற்றோரும் மாணவர்களும் கேட்பவை

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு செஸ் ஆடுகிறேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து கேள்விகள் கூடிவிட்டன. அதிகம் வருவது கோச்சிங், ஃபீஸ், ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) பற்றித்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஒரு வருடத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. தேவை ஒரு போர்டும் எதிரே உட்கார ஒரு ஆளும்தான். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த முதல் வருடத்தைப் பற்றியவை.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

ஐந்து, ஆறு வயதில் காய்களின் நகர்வு பிடிபடும். குகேஷ் ஏழு வயதில் தொடங்கியவர். எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தால் தாமதமா என்று கேட்கிறார்கள். செஸ்ஸின் உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு வேண்டுமானால் தாமதமாக இருக்கலாம், ஆடி ரசிப்பதற்கு இல்லை. பெரிய பிள்ளைகள் விதிகளை ஒரே மாலையில் கற்றுவிடுவார்கள். சின்னதுகளுக்குப் பொறுமை வேண்டும், கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

எனக்கே செஸ் தெரியாது. பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மா சுசீலா. அந்தப் பிள்ளை 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனது, பிறகு ஐந்து முறை உலகப் பட்டம் வென்றது. வீட்டுக்கூடம் நல்ல வகுப்பறைதான்.

எல்லோரும் செய்யும் தவறு, 32 காய்களையும் முதல் நாளே அடுக்கி ஒவ்வொன்றாக விளக்குவது. பிள்ளைக்குத் தலை சுற்றும். நான் செய்வது வேறு. முதலில் சிப்பாய்கள் மட்டும். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. முதல் நகர்வில் ஒன்றோ இரண்டோ கட்டம், அப்புறம் ஒவ்வொரு கட்டம். வெட்டுவது மட்டும் குறுக்கே. யாருடைய சிப்பாய் முதலில் எதிர்க்கோடியைத் தொடுகிறதோ அவர்கள் வென்றார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. இரண்டு மூன்று நாள் இதையே ஆடட்டும். ஒரு சிப்பாயை அவசரமாகத் தள்ளினால் பின்னால் இருப்பது தனியாக மாட்டிக்கொள்ளும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

அடுத்து இரண்டு பக்கமும் ராஜாவைச் சேருங்கள். அப்புறம் யானை, பிஷப், ராணி. குதிரையைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம், அதன் தாவல்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிபட நாளாகும். ஒவ்வொரு காயும் வரும்போது அதை வைத்தே ஒரு சின்ன ஆட்டம் ஆடுங்கள். இரண்டு யானையை வைத்துத் தனி ராஜாவை ஓரத்துக்குத் தள்ளி மேட் (தாக்கப்பட்ட ராஜா தப்ப வழியே இல்லாத நிலை) செய்யத் தெரிந்த பிள்ளை, முழு ஆட்டத்தில் எதை நோக்கிப் போகிறோம் என்பதைப் புரிந்துகொண்டு ஆடும். வெறும் ஓப்பனிங்கை (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை) மனப்பாடம் செய்த பிள்ளை பத்தாவது நகர்வுக்குப் பிறகு முழித்துக்கொண்டு நிற்கும்.

காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே முறையில் நகர்வது), என் பாசான் (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது) போன்ற தனி விதிகள் இரண்டாம் மாதம் வந்தால் போதும்.

என்ன போர்டு வாங்கலாம்?

சுருட்டி வைக்கிற வினைல் போர்டு, பிளாஸ்டிக் காய்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும். கட்டம் 5 முதல் 6 செ.மீ., ராஜாவின் உயரம் 9.5 செ.மீ. அளவில் இருந்தால் போட்டிகளில் வைக்கிற அதே அளவு, கண்ணும் கையும் பழகிவிடும். கண்ணாடி போர்டு ஷோகேஸுக்கு. கையடக்கக் காந்த போர்டு ரயில் பயணத்துக்கு நல்லது, கற்றுக்கொள்ள ஆகாது. ஒரு காய் தொலைந்துவிட்டால் பாட்டில் மூடியை வைத்து ஆடுங்கள், அதற்காகப் புது செட் வேண்டாம்.

போர்டை வைக்கும்போது வலது கைப் பக்கத்து மூலைக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கறுப்பு ராணி கறுப்புக் கட்டத்தில். வீட்டில் ஆடப்படும் ஆட்டங்களில் பாதி இதிலேயே தப்பாகத் தொடங்குகின்றன.

பிள்ளை ஜெயிக்கட்டும் என்று வேண்டுமென்றே தோற்கலாமா?

கூடாது. பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு நிஜமாக ஜெயித்தாலும் நம்ப மாட்டார்கள். அதற்குப் பதில் உங்கள் பக்கத்தில் காயைக் குறைத்துக்கொள்ளுங்கள். ராணியும் இரண்டு யானையும் இல்லாமல் நீங்கள் தொடங்குங்கள், முழுப் பலத்தோடு ஆடுங்கள். பிள்ளை தொடர்ந்து ஜெயித்தால் ஒரு யானையைத் திரும்ப வையுங்கள். அப்புறம் இன்னொன்று. கடைசியில் ராணி. அப்பாவின் ராணியைத் திரும்பி வர வைத்தேன் என்று ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கோப்பை வாங்கியவர்கள் முகத்தில்கூட அவ்வளவு மகிழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

சார், என் ஃபிரெண்ட் எப்பவும் நாலே மூவ்ல மேட் பண்ணிடறான். எப்படித் தடுக்கிறது?

எல்லாப் பள்ளியிலும் ஒருவன் இதைக் கற்றுவந்து வகுப்பையே தோற்கடிப்பான். போர்டை எடுத்து வைத்துக்கொண்டு படி. கட்டங்களின் பெயர் இப்படி: வெள்ளைக்காரர் பக்கமிருந்து இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எட்டு வரிசை, அவர் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை.

அவன் வெள்ளை. ராஜாவின் முன்னால் இருக்கும் சிப்பாயை ஈ4-க்குத் தள்ளுகிறான், நீ ஈ5. அவன் ராணியை எச்5-க்குக் கொண்டுவருகிறான். இப்போது பயந்து ஜி6 தள்ளாதே. தள்ளினால் அவன் ராணி ஈ5 சிப்பாயை வெட்டி உன் ராஜாவுக்குச் செக் (நேரடித் தாக்குதல்) வைக்கும், அடுத்து மூலையில் இருக்கும் யானையும் போய்விடும். முதலில் உன் குதிரையை சி6-க்குக் கொண்டுவந்து ஈ5 சிப்பாயைக் காப்பாற்று. அவன் பிஷப்பை சி4-க்கு வைப்பான். குறி எஃப்7. ஆட்டத் தொடக்கத்தில் அந்தக் கட்டத்துக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை, அதனால்தான் எல்லோரும் அங்கேயே பாய்கிறார்கள்.

இப்போதுதான் ஜி6. ராணி விரட்டப்படும். அவன் எஃப்3-க்குப் போய் மறுபடி எஃப்7-ஐப் பார்ப்பான். நீ இன்னொரு குதிரையை எஃப்6-ல் வைத்து வழியை மறித்துவிடு. முடிந்தது. இப்போது போர்டைப் பார். உன் இரண்டு குதிரைகளும் வெளியே வந்து வேலை செய்கின்றன, அவன் ராணி மட்டும் அங்கும் இங்கும் ஓடியிருக்கிறது. இனி ஆட்டம் உன் கையில்.

ஒரு வேண்டுகோள். தடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு இதையே நீ மற்றவர்களுக்குச் செய்துகொண்டிருக்காதே. தெரியாதவனிடம் மட்டுமே செல்லும் வித்தை இது. தெரிந்தவனிடம் உன் ராணி தெருத்தெருவாக ஓடும்.

என்கிட்ட ராணி இருக்கு, அவன்கிட்ட ராஜா மட்டும்தான். ஆனா டிரான்னு சொல்றாங்க. ஏன்?

ஸ்டேல்மேட். அவன் ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் நகர ஒரு கட்டமும் இல்லை. அப்படியானால் டிரா. பெரும்பாலும் மூலையில்தான் நடக்கும். அவன் ராஜா மூலையில் இருக்கும்போது உன் ராணி அதிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் நின்றால் ஸ்டேல்மேட் என்று நினைவில் வைத்துக்கொள். ராஜா ஏ8, ராணி பி6. வைத்துப் பார், புரியும். அவனை ஓரத்தில் அடைத்த பிறகு ராணியைத் தொடாதே, உன் ராஜாவை நடத்திக் கூட்டிவா. மேட் செய்ய அதுவும் வேண்டும்.

மொபைலில் ஆடினால் போதாதா?

எதிராளி கிடைக்காத நாளில் மொபைல் நல்ல துணை. லிசெஸ் தளம் முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை. அதில் உள்ள புதிர்கள் அருமையானவை. ஆனால் தொடங்குபவர்கள் மூன்று நிமிட ஆட்டங்களில் விழுந்துவிடுகிறார்கள். விரல் பழகும், யோசனை பழகாது. பதினைந்து நிமிடத்துக்குக் குறையாத ஆட்டமாக இரண்டு, அத்துடன் சில புதிர்கள், போதும். புதிரில் காயைத் தள்ளிப் பார்த்து விடை கண்டுபிடிக்கக் கூடாது. மனத்துக்குள் கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் விரல் வைக்க வேண்டும்.

போர்டில் எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது கிடைப்பது திரையில் கிடைக்காது. எதிராளி மூச்சை இழுத்துப் பிடிப்பது, கை நீட்டிப் பின்வாங்குவது, ஆட்டம் முடிந்து “இங்க நீ யானையை வச்சிருந்தா நான் காலி” என்று அவனே சொல்வது. செஸ்ஸில் பாதி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

செஸ் ஆடினால் கணக்கில் மார்க் ஏறுமா?

இதை எல்லா விளம்பரப் பலகையும் ஏறும் என்றுதான் சொல்கிறது. இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு 30 மணி நேரம் செஸ் சொல்லிக்கொடுத்து, ஒரு வருடம் கழித்துக் கணக்கில் முன்னேற்றம் உண்டா என்று அளந்தார்கள். 2016-ல் வெளியான முடிவு: வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. கணக்கு மார்க் வேண்டுமானால் கணக்குப் போட வேண்டும். பல்லாங்குழி ஆடினால் மார்க் ஏறுமா என்று நம் பாட்டிகளிடம் யாரும் கேட்டதில்லை. செஸ்ஸையும் விளையாட்டாகவே இருக்க விடுங்கள். மார்க்குக்காகச் சேர்த்த பிள்ளை, மார்க் ஏறாத அன்று போர்டை மூடிவிடும். ஆசைக்காகச் சேர்ந்தது விடாது.

தோற்றால் என் மகள் அழுகிறாள், போர்டைக் கலைத்துவிடுகிறாள். நிறுத்திவிடலாமா?

வேண்டாம். கேரம்போர்டில் தோற்றால் ஸ்ட்ரைக்கர் வழுக்கியது என்று சொல்லலாம், தாயத்தில் தாயம் விழவில்லை என்று சொல்லலாம். செஸ்ஸில் சாக்கு இல்லை. இருவருக்கும் ஒரே காய்கள், எல்லாம் கண் முன்னால். அதனால் தோல்வி நேராக உள்ளே இறங்குகிறது. பெரியவர்களுக்கே கஷ்டம், எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அழட்டும். அந்த நேரத்தில் எந்த நகர்வு தப்பு என்று விளக்காதீர்கள். “பரவாயில்லம்மா, விளையாட்டுதானே” என்றும் சொல்லாதீர்கள். அவளுக்கு அது அந்த நிமிடத்தில் வெறும் விளையாட்டு இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பழக்கம் வைத்திருக்கிறோம். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் தோற்றவர் இருவரும் கை கொடுத்து, இருவரும் சேர்ந்தே காய்களை அடுத்த ஆட்டத்துக்கு அடுக்க வேண்டும். கலைத்தவரும்கூட அடுக்க வேண்டும். கை வேலை செய்யும்போது அழுகை தானாகத் தணிகிறது. இரண்டாவது, அழுகை ஓய்ந்து ஏதாவது தின்ற பிறகு, ஒரே ஒரு கேள்வி: “ஆட்டத்துல எந்த இடம் உனக்குப் பிடிச்சது?” தோற்ற ஆட்டத்திலும் நன்றாக ஆடிய ஒரு நகர்வு இருக்கும். அதைக் காட்டிவிட்டு, தப்பு நடந்த இடத்துக்குப் பிள்ளைகள் தாங்களாகவே போய்விடுவார்கள்.

அழுகை மாதக்கணக்கில் தொடர்ந்து, விளையாடவே பயந்தால் மட்டும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். வீட்டில் யாராவது அந்தத் தோல்விக்குத் திட்டுகிறார்களா என்றும் பாருங்கள். பல நேரம் காரணம் அங்கே இருக்கிறது.

மழை லீவில் வீட்டில் என்ன செய்ய?

நம்மூருக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பொருத்தம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எப்போது பள்ளி மூடும் என்று தெரியாது. 2011 டிசம்பர் 30 தானே புயல் கரையேறியது நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவில். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் வந்தது, தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம். கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை, நெட் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் தரையில் விரித்த ஒரு போர்டு வீட்டையே ஒன்றுசேர்க்கிறது.

நாலைந்து பிள்ளைகள் இருந்தால் எல்லோரும் எல்லோருடனும் ஒரு ஆட்டம் ஆடட்டும். வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை. ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிவையுங்கள், அதைப் பெரிய பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். இரட்டை ஆட்டமும் நல்ல பொழுதுபோக்கு: அணிக்கு இருவர், மாறி மாறி நகர்த்த வேண்டும், கூட்டாளியோடு பேசக் கூடாது. பேசாமல் இருப்பதுதான் அதில் கஷ்டம், சிரிப்பும் அதில்தான். சுண்டல் கிண்ணத்தைப் போர்டுக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

மே மாதக் கத்திரி வெயில் மதியங்களுக்கும் இதே பதில்தான். மாலையானால் போர்டைச் சுருட்டிவிட்டுத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கோ மைதானத்துக்கோ பிள்ளைகளை அனுப்புங்கள். உட்கார்ந்து ஆடுவது ஓடியாடுவதற்கு மாற்று அல்ல. கடற்கரைக்கே போர்டைக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: காற்று சிப்பாய்களை விடாது.

கோச்சிங் எப்போது சேர்க்கலாம்?

பிள்ளை வீட்டில் எல்லோரையும் ஜெயித்து, தெருவிலும் ஜெயித்து, இன்னும் ஆடணும் என்று கேட்கும்போது. சேர்க்கும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தை எடுத்து வைத்து ஏன் இப்படி ஆடினாய் என்று கேட்கிறாரா? நல்ல ஆசிரியர். ஆளுக்கொரு பக்கம் ஆடவிட்டுவிட்டு அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதை வீட்டிலேயே செய்யலாம். இத்தனை மாதத்தில் சாம்பியன் ஆக்குகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அதுவரை நூலகத்தைப் பயன்படுத்துங்கள். புதுச்சேரியில் பாரதி பூங்கா பக்கம் இருக்கும் ரோமன் ரோலண்ட் நூலகம், கடலூரில் மாவட்ட மைய நூலகம். செஸ் புத்தகம் எந்த அலமாரியில் என்று நூலகரைக் கேளுங்கள். பழைய புத்தகம் என்று ஒதுக்க வேண்டாம், எண்ட்கேம் (காய்கள் குறைந்த பிறகு வரும் ஆட்டத்தின் கடைசிப் பகுதி) நூறு வருடமானாலும் மாறாது.

பெண் பிள்ளையை அனுப்பினால் எவ்வளவு தூரம் போக முடியும்?

வைஷாலியைப் பாருங்கள். டிவி பார்ப்பதைக் குறைக்க வீட்டில் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத்தான் தம்பி பிரக்ஞானந்தா காயைத் தொட்டார். 2023 டிசம்பரில் வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்ட, உலகிலேயே அக்கா தம்பி இருவரும் கிராண்ட்மாஸ்டர் ஆன முதல் ஜோடி என்ற பெயர் கிடைத்தது. பேசும்போது எல்லோரும் தம்பியைத்தான் முதலில் சொல்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பெண்கள் பிரிவில் மட்டும்தான் ஆட வேண்டும் என்று இல்லை, ஆண், பெண் இருவருக்குமான ஓபன் பிரிவிலும் ஆடலாம். ஆடட்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் “இனி எதற்கு” என்று நிறுத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படி நின்றுபோவதைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

முதல் போட்டிக்குப் போகிறோம். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கும். ஒரு சுற்றில் தோற்றால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், எல்லாச் சுற்றும் ஆடலாம். கிட்டத்தட்ட அதே புள்ளி உள்ளவரோடுதான் அடுத்த ஆட்டம். அதனால் முதல் இரண்டு தோற்றாலும் மதியம் தன் அளவுக்கு ஆள் கிடைப்பார்.

தொட்ட காயை ஆட வேண்டும், இது மிக முக்கியம். கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய வேண்டுமானால், உன் முறை வரும்போது தொடுவதற்கு முன்பே “அட்ஜஸ்ட்” என்று சொல்ல வேண்டும். “ஜாதூப்” என்ற பிரெஞ்சுச் சொல்லும் செல்லும், புதுச்சேரித் தாத்தாக்கள் யாராவது உச்சரிப்பைச் சொல்லித்தருவார்கள். காயை எந்தக் கையால் நகர்த்தினாயோ அதே கையால் கடிகாரத்தை அழுத்த வேண்டும். சந்தேகம் வந்தால் எதிராளியோடு வாதாடாமல் கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிடு. போன் அரங்குக்குள் கூடாது.

பெற்றோருக்கு: அரங்குக்கு வெளியே நில்லுங்கள். வெளியே வரும் பிள்ளையிடம் “ஜெயிச்சியா?” என்பதற்கு முன் தண்ணீர் பாட்டிலைக் கொடுங்கள்.

கடலூர்ப் பிள்ளை புதுச்சேரிப் போட்டியில் ஆடலாமா?

எல்லோருக்குமான ஓபன் போட்டி என்றால் தாராளமாக. இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், காலை பஸ் பிடித்தால் முதல் சுற்றுக்குப் போய்விடலாம். தேர்வுப் போட்டிகள் வேறு கணக்கு. கடலூர் தமிழ்நாட்டின் ஒரு மாவட்டம், மாவட்டத்தில் தேர்வாகி மாநிலத்துக்குப் போக வேண்டும். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம், அங்கிருந்து தனி அணி. இரண்டு பக்கமும் பதிய முடியாது. ரெட்டிச்சாவடியில் வீடு, புதுச்சேரியில் பள்ளி என்கிற மாதிரி நம் பக்கம் நிறையப் பேர் உண்டு. அவர்கள் எந்தப் பக்கம் என்பதை அந்தந்தச் சங்கத்திடம் முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. நிறுத்தட்டுமா?

போட்டிகளை நிறுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டத்தை நிறுத்த வேண்டாம்.

இது நம்மூர் விளையாட்டா?

வேர் இந்தியாவில்தான். சுமார் 1,400, 1,500 ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவில் ஆடப்பட்ட சதுரங்கம் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போனது. ராணி இன்று ஓடுகிற ஓட்டமெல்லாம் 15-ம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் வந்த மாற்றம். பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்தது ஒரு கோயில் கதை. திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் சிவனுக்கு சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத அரசகுமாரியை, சிவன் முதியவராக வந்து ஆட்டத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் இருக்கிறது. விடுமுறையில் போய்வாருங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் ஆட முடியுமா?

நன்றாக ஆட முடியும். அதற்கென்றே போர்டு உண்டு. கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, காயின் அடியில் அதில் செருகும் முளை. கறுப்புக் காய்களின் தலையில் சிறு குமிழ் இருப்பதால் தொட்டதும் நிறம் தெரியும். தடவிப் பார்ப்பது அவர்களுக்கு ஆட்டத்தின் பகுதி, அதனால் துளையிலிருந்து காயைத் தூக்கினால்தான் தொட்டதாகக் கணக்கு. பார்வை உள்ளவரோடு ஆடும்போது ஆளுக்கொரு போர்டு வைத்துக்கொண்டு, நகர்வை வாயால் சொல்லி ஆடலாம். அப்படி ஆடும் பிள்ளையோடு ஒரு ஆட்டம் உட்கார்ந்தால், போர்டை மனத்தில் வைத்துக்கொள்வது எப்படி என்று உங்கள் பிள்ளையும் கற்றுக்கொள்ளும். உங்கள் பள்ளியில் அப்படி ஒரு மாணவர் இருந்தால் உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லி அந்த போர்டு ஒன்றை வாங்கச் சொல்லுங்கள்.